பூஜைக்கு அப்டேட் செய்த பெட்டி

'சப்போர்ட்' என்று யாராவது என் கடையில் வாயைத் திறந்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. சப்போர்ட்டாம், பெரிய சப்போர்ட். விற்கிற வரைக்கும் கூடப் பிறந்தவன் மாதிரி பேசுவான். எப்ப வேணாலும் கூப்பிடுங்க சார், நாங்க இருக்கோம் என்பான். கொஞ்ச வருஷம் கழித்துக் கூப்பிட்டுப் பாருங்கள். அவன் விற்ற பொருளின் பெயரையே அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறவன் மாதிரி முழிப்பான். போனில் முழிப்பது எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தெரியும்.

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் சாலையில் என் கடை. வண்டிகளின் எஞ்சின் கம்ப்யூட்டரை மட்டும் பார்ப்பேன். எஞ்சினுக்கு ஏதுங்க கம்ப்யூட்டர் என்று சிரிக்கிறவர்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், அதுவும் பெரிய கார்களில். டிபன் பாக்ஸ் அளவுக்கு ஓர் அலுமினியப் பெட்டி, அவ்வளவுதான். எவ்வளவு டீசல் விட வேண்டும், எப்போது விட வேண்டும் என்று எஞ்சினுக்கு அதுதான் சொல்கிறது. அதற்குள் எழுதியிருக்கும் புரோகிராம் குழம்பிப்போனால் வண்டி நின்ற இடத்தை விட்டு நகராது. அப்போது அதைக் கழற்றி, உள்ளே இருப்பதைப் படித்து, அழித்து, சரியானதைத் திரும்ப எழுத வேண்டும்.

அதற்கென்று என்னிடம் ஒரு கருவி இருந்தது. கையில் அடங்குகிற கறுப்புப் பெட்டி. ஒரு பக்கம் லேப்டாப்புக்கு ஒயர், மறுபக்கம் வண்டியின் கம்ப்யூட்டருக்கு ஒயர். பெட்டியும் பழசு, லேப்டாப்பும் பழசு, எங்கள் ஊரில் ஓடுகிற வண்டிகளும் பழசு. மூன்றுக்கும் ஒத்துப்போயிற்று. லேப்டாப்பைத் திறக்கும்போதெல்லாம் மூலையில் ஒரு சிவப்புக் கட்டம் வந்து, அப்டேட் செய்து ரொம்ப நாளாகிறது, செய்யவா, செய்யவா என்று நச்சரிக்கும். 'பிறகு' என்பதை அமுக்கிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். இன்டர்நெட் பக்கம் அந்த லேப்டாப்பை நான் விட்டதே கிடையாது. ஓடுகிறதை எதற்கு நோண்ட வேண்டும்?

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் ஒரு டீச்சரின் கார் கயிறு கட்டி இழுக்கப்பட்டு வந்தது. பழைய டீசல் கார். கண்ணாடியில் ஜெபமாலை தொங்கும். ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம் அவருடையது. கீரனூருக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தவர், இரண்டு காலாலும் நடக்க முடியாது. காருக்கு பிரேக், ஆக்சிலரேட்டர் எல்லாமே கை லீவர். கதவைத் திறந்து, சக்கர நாற்காலியிலிருந்து கையை ஊன்றி சீட்டுக்கு மாறி, நாற்காலியை மடக்கிப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார். முன்பு ஒரு தடவை, புதுச் சாவியை வண்டிக் கம்ப்யூட்டரில் பதிகிற வேலைக்கு என்னிடம் வந்திருக்கிறார். உதவிக்குக் கை நீட்டினேன். "கைய எடுங்க தம்பி, கதவுல மாட்டிக்கப் போவுது" என்றார். அதோடு எனக்குப் புத்தி வந்தது.

இந்தத் தடவை அவர் அண்ணனும் கூட வந்திருந்தார். அண்ணன்தான் எல்லாவற்றுக்கும் காரணம். தங்கச்சி ஏறி இறங்கச் சிரமப்படுகிறாள் என்று இவரே முடிவு செய்து, டீச்சர் பக்கத்து வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வண்டியை ஒரு கிரில் பட்டறைக்கு ஓட்டிப்போய், கதவுக்குக் கீழே இரும்புப் படி ஒன்றை வெல்டிங் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். நடக்க முடியாதவருக்குப் படி! அதை என்னவென்று சொல்ல?

"வெல்டிங் வைக்கிறப்ப பேட்டரி ஒயர கழட்டினாங்களா?" என்று கேட்டேன்.

"அது எதுக்குங்க? வெளிய அடியில தான வச்சாங்க. பேட்டரி முன்னாடில்ல இருக்கு?" என்றார் அண்ணன். கேட்டவனைப் பைத்தியக்காரன் மாதிரி பார்த்தார்.

பேட்டரியைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைத்தால் கரண்ட் எங்கே வேண்டுமானாலும் ஓடும். இங்கே கம்ப்யூட்டருக்குள் ஓடியிருக்கிறது. பாடியில் வெல்டிங் வைக்கிறவன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? வேண்டாம். இரும்பு கேட்டுக்கும் காருக்கும் அவனுக்கு என்ன வித்தியாசம், இரண்டுக்கும் கீல் இருக்கிறது.

"நான் கேக்கவே இல்ல தம்பி. எனக்குப் படி வேணும்னு நான் யாருகிட்டயும் கேக்கல" என்றார் டீச்சர். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி சிகரெட் பற்ற வைத்துக்கொண்டார்.

கம்ப்யூட்டரைக் கழற்றி என் கருவியில் போட்டுப் பார்த்தேன். பாகம் எதுவும் கருகவில்லை. புரோகிராம்தான் கந்தலாகக் கிடந்தது. சாவி வேலை செய்தபோதே நல்ல புரோகிராமை எடுத்து பென்டிரைவில் வைத்திருந்தேன். அதைத் திரும்ப எழுதினால் தீர்ந்தது. உட்கார்ந்தால் ஒரு மணி நேர வேலை. ஆனால் வரிசையில் வேறு வண்டிகள் இருந்தன, நடுவில் பூஜை வேறு.

"பள்ளிக்கூடம் தொறக்கிறதுக்குள்ள குடுத்துருங்க. காலாண்டு லீவு முடியப் போகுது" என்றார் டீச்சர்.

"விஜயதசமி அன்னைக்கு மொத வேல ஒங்களுதுதான் டீச்சர்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "நல்லா கேட்டுக்கங்க. வண்டி வரலைன்னா அண்ணன் என்னத் தூக்கி ஆட்டோவுல வைக்கும். அங்கிட்டு எறக்கித் தூக்கிட்டுப் போயி வகுப்புல வைக்கும். எம் பிள்ளைக பூரா வராந்தாவுல நின்னு பாக்கும். நான் என்ன அரிசி மூட்டையா தம்பி?"

இல்லை டீச்சர், கண்டிப்பாக வண்டி வரும் என்றேன். அந்த வார்த்தையைக் கொடுத்தது நான்தான்.

இனி என் மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தம்பி. துபாயில் கார் கழுவுகிற கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே வண்டிகளை நிறையப் பார்த்திருப்பதால் தனக்கு வண்டி தெரியும் என்பது அவருடைய முடிவு. என் கடையில் சும்மா உட்கார்ந்திருப்பார். யார் வந்தாலும் "அங்கெல்லாம் இப்படி இல்லைங்க" என்று ஆரம்பிப்பார். அங்கெல்லாம் எப்படி என்று கேட்டால் விளக்கம் வராது, டீ மட்டும் வரும், என் கணக்கில்.

பூஜைக்கு முந்தின நாள் நான் ஒரு வேனைப் பார்க்க குடுமியான்மலைப் பக்கம் போயிருந்தேன். கடையைச் சுத்தம் செய்கிற வேலையை மச்சினன் ஏற்றுக்கொண்டார். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே செய்திருந்தார். தரையை டீசல் போட்டுத் துடைத்து, ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கி, சுவரில் ஒட்டடை அடித்து. மறுநாள் குடும்பத்தோடு போனோம். பொரி, கடலை, அவல், வாழைக்கன்று, வாசலில் உடைக்கப் பூசணிக்காய். எல்லாச் சாமானுக்கும் சந்தனம் குங்குமம். சாமி படத்துக்கு முன்னால் என் லேப்டாப், அதன் மேல் என் கறுப்புப் பெட்டி, அதன் நடு நெற்றியில் ஒரு பெரிய பொட்டு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. என் மனைவி சூடம் காட்டிக்கொண்டிருந்தாள்.

மச்சினன் என் காதருகே வந்தார். "மச்சான், பூசைக்கு எல்லாத்தையும் புதுசாக்கிட்டேன். லேப்டாப்பயும் க்ளீன் பண்ணியாச்சு."

"தொடச்சீங்களா?"

"தொடச்சு மட்டுமா? தொறந்தா அப்டேட் கேட்டுச்சு. என் போன்லேருந்து நெட்டு குடுத்தேன். அந்தப் பொட்டியையும் மாட்டச் சொன்னுச்சு, மாட்டுனேன். பழச எல்லாம் அழிச்சுட்டு புது வெர்சன் ஏத்திருச்சு. நல்ல நாளும் அதுவுமா பழசோடயா இருக்கிறது?"

அடப் பாவி என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு பெட்டியை எடுக்கக் கை நீட்டினேன். என் மனைவி கையைத் தட்டிவிட்டாள்.

"பூசையில வச்சதத் தொடக் கூடாதுன்னு தெரியாதா ஒங்களுக்கு? நாளைக்கித்தான் எடுக்கணும்."

"ஒரு நிமிசம் போட்டுப் பாத்துட்டு வச்சிர்றேன்."

"ஒரு நிமிசமும் கெடையாது. ஆயுதத்துக்கு இன்னைக்கி ஓய்வு."

அது ஓய்வெடுக்கவில்லை, செத்துக் கிடக்கிறது என்று எப்படிச் சொல்வேன்? நாள் முழுக்கப் பொரியைத் தின்றுகொண்டு அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்தவர்களுக்கெல்லாம் மச்சினன்தான் பொட்டலம் கொடுத்து, கடையே இப்போது அப்டேட் ஆகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

விஜயதசமி காலையில் மாட்டினேன். புது வெர்சன் பளபளவென்று திறந்தது. நீலக் கலர், சுழல்கிற சக்கரம், எல்லாம் இருந்தது. பெட்டியை இணைத்ததும் ஒரு வாசகம். அழகான ஆங்கிலம். தமிழில் சொன்னால், உங்கள் கருவியின் ஆயுள் முடிந்துவிட்டது, இனி அதற்கு ஆதரவு இல்லை, விற்பனையாளரை அணுகவும், நன்றி. நன்றி வேறு! பழைய வெர்சனை ஏற்றிப் பார்த்தேன். அப்டேட் பெட்டிக்கு உள்ளேயும் போய் எதையோ மாற்றியிருந்தது. பழைய வெர்சனுக்கு இப்போது அந்தப் பெட்டி யாரென்றே தெரியவில்லை. ஒரு திருகாணி தேயவில்லை, ஒரு ஒயர் அறவில்லை. முந்தாநாள் வரை வேலை செய்த பொருளை எங்கேயோ ஏசியில் உட்கார்ந்திருக்கிற எவனோ போதும் என்று முடிவு செய்துவிட்டான்.

கோயம்புத்தூரில் இருக்கும் டீலருக்குப் போன் போட்டேன். பாட்டுக் கேட்க வைத்தார்கள். பிறகு ஒருவன் வந்தான்.

"சார், அந்த ஹார்டுவேர் எண்ட் ஆஃப் லைஃப் ஆயிருச்சு சார்."

"முந்தாநாள் வரைக்கும் உசுரோட இருந்துச்சுங்க. நீங்க தான கொன்னீங்க?"

"அப்படி இல்ல சார். புது அப்டேட்டுல பழைய ஹார்டுவேருக்கு சப்போர்ட் எடுத்துட்டாங்க. நீங்க புது டூலுக்கு மாறிக்கலாம் சார். எக்சேஞ்ச் ஆஃபர் போகுது."

"புது டூல் இந்த வண்டியப் படிக்குமா?" என்று மாடலைச் சொன்னேன்.

கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. "லிஸ்ட்ல இல்ல சார். அது ரொம்பப் பழைய வண்டி. கஸ்டமர வேற வண்டி வாங்கிக்கச் சொல்லிருங்க சார்."

எவ்வளவு சுலபம் பாருங்கள். பழைய பெட்டி புது வெர்சனில் ஓடாது, புதுப் பெட்டி பழைய வண்டியைப் படிக்காது, ஆகவே அந்த அம்மா வேறு வண்டி வாங்க வேண்டும். வாங்கி, அதற்குக் கை லீவர் செய்ய ஆள் பிடித்து, ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒவ்வொரு மேஜையாகச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் அனுமதி வாங்கி... அதற்குள் அண்ணன் அவரை வீட்டோடு உட்கார வைத்துவிடுவார். இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். "புரியுது சார், வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்றான். வை போனை என்றேன்.

மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குரூப் ஒன்று இருக்கிறது. மாவட்டத்தில் ஸ்பேனர் பிடிக்கிற அத்தனை பேரும் அதில் உண்டு. காலை எழுந்ததும் ரோஜாப்பூவும் தத்துவமும் போடுவார்கள். அதில் என் கதையைப் போட்டேன். பேட்டரியைக் கழற்றி மாட்டுங்க ப்ரோ என்று ஒரு மேதை. ஃபியூஸ் பார்த்தீங்களா என்று இன்னொரு மேதை. ஒருவர் கை கூப்பினார். எதற்குக் கும்பிட்டார் என்று இன்று வரை தெரியாது.

மத்தியானம் டீச்சர் போன் செய்தார். "என்ன தம்பி, ஆச்சா?"

"ஆயிரும் டீச்சர்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அன்று சாயங்காலமே அண்ணன் தனியாக பைக்கில் வந்தார். ஸ்டாண்டு போட்டுவிட்டு, கடைக்குள் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு நெருங்கி உட்கார்ந்தார்.

"ஒங்கள நம்பித்தான் கேக்குறேன். அது ஆகாதுன்னு சொல்லிருங்க."

"எது?"

"வண்டிதான். இனிமே ரெடி ஆகாதுன்னு நீங்க சொன்னா தங்கச்சி கேட்டுக்கும். பழைய இரும்புக்காரர் ஒருத்தரப் பாத்துப் பேசி வச்சிருக்கேன். வந்து எடுத்துக்கிருவாரு."

"ஏங்க, நல்லா தான போயிட்டு வாராங்க?"

"பொம்பளப் புள்ள, காலு வேற இப்படி. தனியா ரோட்டுல போயிட்டு வருது. ஞாயித்துக்கெழம பூசைக்குப் போனா மாதா கோயில் வாசல்ல நாலு பேரு என்னத்தான கேக்குறாங்க, தங்கச்சிய இப்படி அலைய விட்டுட்டியேப்பான்னு? நான் ஒரு ஆம்பள இருக்கேன். தூக்கிட்டுப் போயி விட மாட்டேனா?"

ஆக, தங்கச்சியைத் தூக்குவதில் அவருக்கு ஒரு பெருமை. ஊர் பார்க்கும், நல்ல அண்ணன் என்று சொல்லும். அதற்கு அந்த அம்மா மூட்டையாக வேண்டும். எனக்கு அந்த ஸ்டூலோடு சேர்த்து அவரைத் தூக்கித் திருமயம் ரோட்டில் போட வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் சொல்லச் சொன்னது பொய் இல்லை. என்னிடம் உயிரோடு ஒரு கருவி இல்லை. ஆகாது என்பதுதான் அன்றைய நிலவரம். இந்த மனுஷனுக்கு வேண்டிய பொய்யை அந்தக் கருவிக் கம்பெனிக்காரர்கள் உண்மையாக்கிக் கொடுத்துவிட்டார்களே என்றுதான் தாங்க முடியவில்லை.

"பாக்குறேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. அந்த வழியில் போவதற்குப் பதில் நான் நாண்டுக்கிட்டுச் சாகலாம். அறந்தாங்கியில், ஆவுடையார்கோவில் போகிற ரோட்டில் இன்னொருவர் இதே தொழில் செய்கிறார். கடை போர்டில் லேப்டாப்போடு அவர் போட்டோவையே பெரிதாகப் போட்டிருப்பார். என்னிடம் இருந்த அதே பழைய பெட்டி அவரிடமும் உண்டு. எந்த வண்டிக்கும் எந்த புரோகிராமையும் ஏற்றிவிட்டு, புகை வந்தால் டீசல் சரியில்லை என்பார். அவர் கெடுத்த வண்டிகளைச் சரிசெய்தே நான் பாதி பெயர் வாங்கியிருக்கிறேன், அதை ஊர் முழுக்கச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அந்த மனுஷர் லேப்டாப்பை பீரோவில் வைத்துப் பூட்டுகிறவர். இன்டர்நெட் கொடுத்தால் வெளிநாட்டுக்காரன் தன் ஃபைலை எல்லாம் திருடிவிடுவான் என்று பயம். இவருடைய ஃபைலைத் திருடத்தான் வெளிநாட்டுக்காரன் கண் விழித்துக் காத்திருக்கிறானாம்! அந்தக் கோமாளிப் பயத்தால் அவர் பெட்டி மட்டும் தப்பித்திருந்தது.

கம்ப்யூட்டரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மறுநாள் காலை பஸ்ஸில் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன். குரூப்பில் என் கதையைப் படித்திருக்கிறார். "வாங்க வாங்க, புதுக்கோட்ட டாக்டரு" என்றார். கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் என்னை அறிமுகப்படுத்தினார். டீ வாங்கித் தந்தார். வேலையைத் தொடவில்லை.

பிறகு பீரோவைத் திறந்தார். என் பென்டிரைவைக் கண்டதும் பின்வாங்கினார். "எங்கிட்டயே நல்ல ஃபைல் இருக்குங்க, அதப் போட்டுருவோம்."

"ஒங்க ஃபைல் வேணாம். இந்த வண்டியோட சொந்த ஃபைல் இது. சாவி நம்பர் உள்ள இருக்கு, அது இல்லாட்டி அவங்க சாவிக்கு வண்டி எடுக்காது."

"இதுல ஒட்டிக்கிட்டு என் ஃபைல் வெளிய போயிட்டா?"

போகாது என்று சத்தியம் செய்தேன். நம்பவில்லை. பென்டிரைவ் மேலேயே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், காப்பி ஆனதும் பிடுங்கி என் கையில் திணித்தார். ஒயர்களை நான் இணைத்தேன். எழுதும் கோடு மெதுவாக நகர்ந்து முடிந்தது. திரும்பப் படித்துச் சரிபார்த்தேன். ஒரு எழுத்து மாறவில்லை.

எவ்வளவு தரட்டும் என்றேன். "காசு என்னங்க காசு, நமக்குள்ள" என்றார். "குரூப்புல ஒரு வார்த்த போட்டு விடுங்க, போதும்."

அவர் முன்னாலேயே தட்டினேன். அறந்தாங்கி அண்ணன் வேலையை முடித்துக் கொடுத்தார், நன்றி.

எட்டிப் பார்த்தார். "'எனக்கு வரல, அதான் அவருகிட்டப் போனேன்'னு சேத்துக்கங்க."

போனை அவர் மூஞ்சியில் எறிந்திருப்பேன். டீச்சரை நினைத்துக்கொண்டு சேர்த்தேன். நான் பஸ் ஸ்டாண்டு போவதற்குள் கைதட்டல், பூங்கொத்து, பட்டாசு என்று குரூப் நிறைந்துவிட்டது. பேட்டரியைக் கழற்றி மாட்டச் சொன்ன மேதைதான் முதல் ஆளாகக் கைதட்டியிருந்தார்.

கம்ப்யூட்டரை வண்டியில் மாட்டி சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. சந்தோஷத்தில் மச்சினனைக்கூட அன்று மன்னித்திருப்பேன், அவர் "அப்டேட் பண்ணதுதான் வேல செஞ்சிருக்கு மச்சான்" என்று சொல்லாமல் இருந்திருந்தால்.

அடுத்த நாள் டீச்சரும் அண்ணனும் ஆட்டோவில் வந்தார்கள். நாற்காலியை விரிக்கக்கூட விடாமல் அண்ணன் அவரை அப்படியே அள்ளித் தூக்கினார். ரோட்டோரம் நின்றவர்கள் பார்த்தார்கள். டீச்சர் யாரையும் பார்க்கவில்லை. அண்ணன் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு வந்தார், முகம் கல்லாகியிருந்தது. எனக்குத் தலையைக் குனிந்துகொள்ளத் தோன்றியது.

காரின் சீட்டில் உட்கார்ந்து, ஆட்டோக்காரர் கொண்டுவந்த நாற்காலியை வாங்கிப் பின்னால் போட்ட பிறகுதான் அவர் என்னைப் பார்த்தார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஓடுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். லீவரை மெல்ல அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்திப் பார்த்தார்.

"நல்லாருக்கு தம்பி" என்றார்.

அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "ஓடுது இல்ல? ஓடட்டும், ஓடட்டும்" என்று சொல்லிக்கொண்டே சுற்றி வந்து பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "நானும் கூட வாரேன். பழைய வண்டி, வழியில நின்னுட்டா நீ என்ன பண்ணுவ?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "டீச்சர், ஒங்க அண்ணன் முந்தாநாளு இங்க வந்தாரு. வண்டி ஆகாதுன்னு ஒங்ககிட்டச் சொல்லிரச் சொன்னாரு. இரும்புக்காரரப் பேசி வச்சிருக்காராம்" என்றேன். சொன்னதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

டீச்சர் லீவரிலிருந்து கையை எடுத்தார். முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் என்னை முறைத்தார், பிறகு தங்கையைப் பார்த்தார்.

"எல்லாம் ஒன் நல்லதுக்குத்தாம்மா..."

"எறங்குண்ணே."

"என்னம்மா இது, ரோட்டுல வச்சு?"

"எறங்கு."

"நீ போயிட்டா நான் எப்படி வீட்டுக்கு வர்றது?"

"ஆட்டோ நிக்கிதுல்ல" என்றார் டீச்சர். "ஏறிக்கிருவியா, இல்ல தூக்கி வைக்க ஆளு வேணுமா?"